தைப்பூசமும் பறவையும் ஒரே பையில்: பிரிட்ஜ் கேமராவா, லென்ஸ் மாற்றும் மிரர்லெஸ்ஸா?

#1 பட்டர்வொர்த்_கரை

வணக்கம் அண்ணன்மாரே, அக்காமாரே. கேமரா வாங்கப் போகிறேன். ஒரே தடவைதான் செலவு. கைமாறிய செட்டாக இருந்தாலும் பரவாயில்லை. எடுக்க வேண்டிய படங்கள் மூன்று வகை. பினாங்கின் தண்ணீர்மலைத் தைப்பூசம், அதில் இருட்டிய பிறகு வரும் வெள்ளி இரதமும் சேர்த்தி. தெலுக் ஆயர் தாவார் சேற்றுக்கரைக்கு வரும் பறவைகள். வீட்டில் ஓடித் திரியும் இரண்டு வயதுப் பிள்ளை.

மனதில் இருப்பவை: சோனி ஆர்எக்ஸ்10 மார்க் 4 (பிரிட்ஜ் வகை: 24 முதல் 600 மி.மீ. வரை, லென்ஸ் கழற்ற முடியாது) அல்லது கேனன் ஆர்10 (மிரர்லெஸ், லென்ஸ் மாற்றலாம்), 18-150 லென்ஸோடு. கடைக்காரர் சென்சார் பெரிது என்று ஆர்10 பக்கம் தள்ளுகிறார். விளக்கம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 செந்தூல்_ஒளி

தம்பி, சென்சார் அளவை மட்டும் பார்த்து முடிவு பண்ணாதீங்க. ஆர்எக்ஸ்10ல் இருப்பது ஒரு இன்ச் வகை, 13.2 × 8.8 மி.மீ. ஆர்10ல் ஏபிஎஸ்-சி, 22.3 × 14.9 மி.மீ. பரப்பளவில் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. கடைக்காரர் சொன்னது அதுவரைக்கும் சரி. ஆனா சென்சாருக்கு ஒளி கொண்டுவந்து கொடுக்கிறது லென்ஸ். லென்ஸில் ஒளி நுழையும் துளை எவ்வளவு அகலம்னு பாருங்க. கணக்கு சுலபம்: லென்ஸின் உண்மையான குவியத் தூரத்தை எஃப் எண்ணால் வகுத்தால் துளையின் விட்டம் கிடைச்சிடும்.

ஆர்எக்ஸ்10 முழு ஜூமில் உண்மையில் 220 மி.மீ., எஃப்/4 (600ங்கிறது 35 மி.மீ. ஃபிலிம் கேமராவுக்கு மாத்திச் சொல்ற கணக்கு). 220ஐ நாலால் வகுத்தா 55 மி.மீ. இப்போ ஆர்10ல் ஆர்எஃப் 100-400 லென்ஸை மாட்டி 400ல் வையுங்க, அங்கே எஃப்/8. துளை 50 மி.மீ. அதே ஃபிலிம் கணக்குக்கு ஆர்10ல் 1.6ஆல் பெருக்கணும், அதனால் அது 640 மி.மீ. ஜூம். ஏறக்குறைய ஒரே காட்சி, ஏறக்குறைய ஒரே துளை. அதனால் ஒரே ஷட்டர் வேகத்தில் ரெண்டும் சேர்க்கிற மொத்த ஒளி பக்கத்துப் பக்கத்தில்தான் நிற்கும், சோனி பக்கம் கொஞ்சம் கூட.

நடு ஜூமையும் பாருங்க. நீங்க சொன்ன 18-150, கடைசி முனையில் எஃப்/6.3. துளை 24 மி.மீ. சோனியை அதே 240க்கு ஜூம் பண்ணினா உண்மையில் 88 மி.மீ., எஃப்/4, துளை 22. இதுக்காகவா சென்சார் பெரிசுன்னு கூடக் காசு கொடுக்கணும்?

ஆர்10 ஜெயிக்கிற இடம் வேற. ஆர்எஃப் 50 மி.மீ. எஃப்/1.8னு 160 கிராம் எடையில் ஒரு சின்ன லென்ஸ் இருக்கு. துளை 28 மி.மீ. அதே 80 மி.மீ. காட்சிக்கு சோனியின் துளை சுமார் ஒன்பதுதான். பரப்பில் ஒன்பது மடங்குக்கும் மேல் வித்தியாசம்! இருட்டில் ஓடுற பிள்ளைக்கும் இரதத்துக்கும் அந்த ஒன்பது மடங்குதான் பேசும்.

அதனால் என் பதில்: ஆர்10 வாங்கினா எஃப்/1.8 லென்ஸ் ஒன்றையும் சேர்த்து வாங்குங்க. கூட வந்த ஜூம் லென்ஸோடு நிறுத்திக்கிறதா இருந்தா, சோனியை எடுத்துக்கிட்டு நிம்மதியா இருங்க.

#3 பாயான்_லெப்பாஸ்

எடைக் கணக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சோனி 1,095 கிராம், அதோடு முடிந்தது. ஆர்10 உடல் 429, 18-150 லென்ஸ் 310, 100-400 லென்ஸ் 635. மொத்தம் 1,374. 50 மி.மீ. சேர்த்தால் ஒன்றரைக் கிலோவைத் தாண்டும். பையும் பெரிதாகும்.

#4 தண்ணீர்மலை_அடிவாரம்

செந்தூல் அண்ணே சொன்ன கணக்கு சரிதான். ஆனா தைப்பூசத்தன்னிக்கு அந்தக் கூட்டத்துக்குள்ள லென்ஸ் மாத்துறது என்னான்னு கொஞ்சம் யோசிச்சிப் பாருங்க. காத்துல திருநீறு, சாம்பிராணிப் புகை. ரோட்டுல தேங்காய் மலையா குவிச்சி உடைக்கிறாங்க, தண்ணி தெறிக்குது. பால் குடம் தோளை உரசிக்கிட்டுப் போகுது. அந்த இடத்துல லென்ஸைக் கழட்டினா சென்சார்மேல சாம்பல் உட்காராம இருக்காது. திருநீறு ரொம்ப மெல்லிசான பொடி, மாவு மாதிரி. ஒட்டினா ஊதினாலும் போகாது.

அதனால பகல்ல காவடி எடுக்க ஒரே லென்ஸ்தான் மாட்டணும், மாத்தவே கூடாது. அதுக்கு சோனி மாதிரி கேமரா தங்கம். 24ல படிக்கட்டுக் கூட்டம் முழுசா வரும், கையை எடுக்காம 300க்குப் போனா அலகு குத்தின முகம் மட்டும் வரும். ஆர்10ல 18-150 மாட்டினா 29ல இருந்து 240 வரைக்கும் கிடைக்கும். அதுவும் போதும், ஆனா அகலத்துல 24க்கும் 29க்கும் உள்ள இடைவெளி அந்த நெரிசல்ல நல்லாவே தெரியும். பின்னால ஒரு அடி நகர இடம் இருக்காது.

தேங்காய்த் தண்ணி பட்டா உடனே ஈரத்துணியால துடைங்க. வெறும் தண்ணி இல்ல, இனிப்பு. காய்ஞ்சா ஜூம் வளையத்துல பிசுபிசுப்பு வந்திரும், பிறகு எறும்பும் வரும். சோனி உடம்புல தூசு, ஈரம் தாங்குற அடைப்பு இருக்கு, ஆனா மழையில நனைக்கலாம்னு அர்த்தம் இல்ல. ஆர்10க்கு அந்த அளவு அடைப்பு கிடையாது. ஒரு பிளாஸ்டிக் பையில லென்ஸ் அளவுக்கு ஓட்டை போட்டு ரப்பர் பேண்ட் சுத்திக்கங்க.

#5 பிரிக்ஃபீல்ட்ஸ்_50

செந்தூல் அண்ணனோடு ஒரு இடத்தில் ஒத்துப்போக முடியவில்லை. துளைக் கணக்கு, ஒளி போதாத இடத்துக்குச் சரி. ஒளி தாராளமாக இருக்கும்போது கணக்கு மாறும். மதியம் பன்னிரண்டு மணி, பத்துமலை முற்றம், வெள்ளை வேட்டி கட்டிய ஒருவர் பாதி வெயிலிலும் பாதி நிழலிலும் நிற்கிறார். ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன் எண்) 100லேயே எடுக்கலாம். அப்போது எந்தச் சென்சார் நிரம்பி வழியாமல் கூடுதல் ஒளியைத் தாங்குகிறதோ அதுதான் வேட்டியின் மடிப்பையும் காட்டும், கருத்த முகத்தின் நிழலையும் காட்டும். பரப்பு மூன்று மடங்கு என்றால் தாங்கும் அளவும் அதற்கேற்ப ஒன்றரை ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரு மடங்கு) வரை கூடும். நம் மக்களின் நிறத்தையும் வெள்ளை, மஞ்சள் துணியையும் ஒரே படத்தில் வைக்கிறோம் என்பதால் இது சின்ன விஷயம் இல்லை.

சோனியில் எடுப்பதாக இருந்தால் ரா கோப்பாக (கேமரா பதப்படுத்தாத மூலக் கோப்பு) எடுங்கள். வெளிச்ச அளவை மூன்றில் இரண்டு ஸ்டாப் குறைத்து வைத்து, வீட்டில் நிழலை மட்டும் தூக்குங்கள். வெள்ளை வெந்துபோனால் திரும்ப வராது.

சோனிக்குச் சாதகமான ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், யாரும் பேசவில்லை. அதன் ஷட்டர் லென்ஸுக்குள் இருக்கும் இதழ் ஷட்டர். வெயிலில் முகத்து நிழலை நிரப்ப ஃபிளாஷ் போட்டால் ஷட்டர் வேகத்தை மிக உயரத்துக்குக் கொண்டுபோகலாம். ஆர்10ல் சாதாரண ஃபிளாஷோடு 1/200 அளவில் நின்றுவிடும். அதற்கு மேல் போக அதிவேக ஒத்திசைவு உள்ள ஃபிளாஷ் வேண்டும், அதிலும் ஒளியின் பலம் குறையும்.

#6 செந்தூல்_ஒளி

அக்கா சொன்னது சரி, அதை நான் விட்டுட்டேன். துளைக் கணக்கு ஷட்டர் வேகம் கட்டிப்போட்ட நிலைமைக்கு மட்டும்தான். வெயில்ல பெரிய சென்சார் முந்தும்.

மண்டப விளக்கு பற்றியும் ஒன்று. நம்ம நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். கோயில் சீரியல் விளக்கு, கல்யாண மண்டப எல்இடி எல்லாம் அந்தத் துடிப்பை ஒட்டி மினுக்கும். ஷட்டரை 1/50 அல்லது 1/100ல் வச்சா கோடு விழாது. வீடியோவுக்கு மெனுவில் பிஏஎல் (PAL) முறை, 25 அல்லது 50 பிரேம், ஷட்டர் 1/50. இதை மாத்தாம 30 பிரேமில் எடுத்துட்டு, படம் துடிக்குது, கேமரா கெட்டுப்போச்சுன்னு நிறைய பேர் தூக்கிட்டு வர்றாங்க. ஆர்10ல் மண்டபத்துக்குள்ள மின்னணு ஷட்டரைத் தொடாதீங்க. அதன் சென்சார் மெதுவாத்தான் படிக்கும், படத்தில் வரிவரியா பட்டை விழும். மெக்கானிக்கல் ஷட்டர்லயே நொடிக்கு 15 படம் வருது, போதும்.

#7 பட்டர்வொர்த்_கரை

ரொம்ப நன்றி. பறவை விஷயம் இன்னும் தெளிவாகவில்லை. நண்பர் ஒருவர், 600 எல்லாம் பத்தாது, நிக்கான் பி1100 எடு, 3000 மி.மீ. வரை போகும் என்கிறார். உண்மையிலேயே ஐந்து மடங்கு கிட்டே வருமா?

#8 காலை_அலை

காட்சி ஐந்து மடங்கு கிட்டே வரும். இறகின் விவரம் அப்படி வராது. காரணத்தைச் சொல்கிறேன்.

பி1100ன் சென்சார் அகலம் ஆறு மி.மீ. சொச்சம். 3000 என்பது கணக்கு. லென்ஸின் உண்மையான குவியத் தூரம் 539 மி.மீ., அங்கே எஃப்/8. எஃப்/8ல் ஒளி அலை விலகி, ஒரு புள்ளி சுமார் 10.7 மைக்ரோன் வட்டமாகப் பரவும். அந்தச் சென்சாரின் ஒரு பிக்சல் 1.34 மைக்ரோன். ஒரு புள்ளி எட்டுப் பிக்சலுக்குக் குறுக்கே படர்ந்தால் கூர்மை எங்கிருந்து வரும்? ஆர்10லும் எஃப்/8தான், ஆனால் பிக்சல் 3.7 மைக்ரோன், மூன்று பிக்சல் அளவோடு நின்றுவிடும். சோனி முழு ஜூமில் எஃப்/4, அதில் இரண்டே கால் பிக்சல்.

அதைவிடப் பெரிய தடை காற்று. தெலுக் ஆயர் தாவார் சேறு காலை ஒன்பது மணிக்குமேல் சூடேறும். சேற்றுக்கு மேலே காற்று நெளிவது கண்ணுக்கே தெரியும். முந்நூறு மீட்டர் தள்ளி நிற்கும் உள்ளானை 3000ல் எடுத்தாலும் தண்ணீருக்கு அடியில் எடுத்தது போல்தான் வரும். எந்த லென்ஸாலும் இதைச் சரிசெய்ய முடியாது. தூரத்தைக் குறைப்பதுதான் வழி.

தூரத்தைக் கடல் குறைத்துத் தரும். அலை ஏறுமட்ட அட்டவணையைப் பாருங்கள். காலையில் உச்ச ஏற்றம் வரும் நாளைத் தேர்ந்தெடுத்து, அதற்கு இரண்டு மணி நேரம் முன்பே போய் அசையாமல் உட்காருங்கள். தண்ணீர் ஏற ஏறப் பறவைகள் சேற்றை விட்டுக் கரைப்பக்கம் ஒதுங்கும். அந்தக் கரை மேற்கைப் பார்த்தது என்பதால் காலை வெயில் உங்கள் முதுகுப் பக்கம், பறவைமேல் நேராக விழும். மாலையில் போனால் எல்லாம் கறுப்பு நிழலுருவம்தான். வலசைப் பறவைகளுக்கு செப்டம்பரிலிருந்து மார்ச் வரை நல்ல காலம். இப்படி உட்கார்ந்தால் 600 போதும்.

பி1100 சிறப்பாகச் செய்யும் வேலை ஒன்று உண்டு: நிலா. 539 மி.மீ.யில் நிலாவின் பிம்பம் 4.9 மி.மீ. வரும், சென்சார் உயரம் 4.55. நிலா சட்டத்தை நிரப்பி விளிம்பைத் தாண்டிவிடும். முக்காலி போட்டு, இரண்டு நொடி டைமரில் எடுங்கள்.

இனி சோனியா ஆர்10ஆ. பறவை காட்டு நிழலில் இருக்கிறது, 1/500 வேண்டும் என்று வையுங்கள். சோனி எஃப்/4ல் ஐஎஸ்ஓ 1600 கேட்கும் இடத்தில், ஆர்10 எஃப்/8ல் 6400 கேட்கும். செந்தூல் அண்ணன் கணக்குப்படி படத்தில் மணல் தூவியதுபோல் தெரியும் புள்ளித்தூசி ஏறக்குறைய சமம். எண்ணைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பிக்சல் எண்ணிக்கையில் ஆர்10 பக்கம், பறவையின் அகலத்தில் ஆறில் ஒரு பங்கு கூடும். உண்மையான வேறுபாடு குவியத்தில். ஆர்10 2022இல் வந்தது, பறவையின் தலையையும் கண்ணையும் தேடிப் பிடித்துத் தொடரும். சோனி 2017 மாடல். உட்கார்ந்த பறவைக்குக் குறையே இல்லை, நொடிக்கு 24 படம் தள்ளும். ஆனால் பறக்கும் ஆலாவைச் சட்டத்துக்குள் வைத்திருக்கும் பொறுப்பு உங்கள் கையில். கூட்டமாகப் பறந்தால் பின்னணி மரத்தில் குவியம் போய் ஒட்டிக்கொள்ளும். நடுப்பகுதி மட்டும் குவியும்படி கட்டத்தைச் சுருக்கி வையுங்கள்.

பட்டாம்பூச்சி எடுப்பீர்களானால் சோனி முழு ஜூமிலும் 72 செ.மீ. வரை கிட்டே குவியும். ஆர்எஃப் 100-400க்கு 200 மி.மீ.யில் 88 செ.மீ. இரண்டும் அருமை.

#9 சுங்கை_துவா

பி1100 கேள்விக்கு இவ்வளவு தெளிவான பதிலை நான் படித்ததில்லை. நன்றி.

#10 கிள்ளான்_திருகுளி

பழுதுபார்க்கும் மேசையிலிருந்து சில விவரங்கள். கைமாறிய செட் வாங்குபவருக்கு இது படத்தின் தரத்தைவிட முக்கியம்.

லென்ஸ் கழலாத கேமராவுக்குள் தூசு போகாது என்று பலர் நம்புகிறார்கள். போகும். ஜூம் குழாய் வெளியே நீளும்போது உள்ளே காற்றை இழுக்கிறது, சுருங்கும்போது தள்ளுகிறது, கைப்பம்பு மாதிரி. அந்தக் காற்றோடு வரும் தூசு நாளடைவில் சென்சார்மேல் உட்காரும். லென்ஸ் கழலும் கேமராவில் அதே தூசை நீங்களே எடுக்கலாம்: பேட்டரி முழுச் சார்ஜில், மெனுவில் சுத்தம் செய்யும் முறையைப் போட்டு, வாய் கீழே பார்க்கப் பிடித்து ரப்பர் ஊதியால் ஐந்தாறு முறை ஊதுங்கள். போகவில்லையென்றால் ஏபிஎஸ்-சி அளவுக்கான 16 மி.மீ. ஈரக் குச்சி, ஒரு பக்கத்துக்கு ஒரே இழுப்பு. பிரிட்ஜ் கேமராவில் அது நடக்காது. முழுக்கப் பிரிக்க வேண்டும். தூசு ஒரு புள்ளி, கூலி பெரிய தொகை.

கடற்கரை மணல் இன்னும் மோசம். பத்து ஃபெரிங்கியில் மணலில் வைத்த கேமராவை அப்படியே ஆன் செய்தால், குழாய் இடுக்கில் இருக்கும் மணிகள் பல்சக்கரத்துக்குள் போகும். கரகர சத்தம், பிறகு லென்ஸ் பிழைச் செய்தி. ஆன் செய்வதற்கு முன்பே தூரிகையால் விளிம்பைத் தட்டிவிடுங்கள். இந்தப் பழுதில் பெரும்பாலும் லென்ஸ் தொகுதி முழுவதையும் மாற்றச் சொல்வார்கள். லென்ஸ் கழலும் கேமராவில் ஒரு லென்ஸ் போனால் அந்த லென்ஸ் மட்டும்தான் போகும்.

கைமாறிய ஆர்எக்ஸ்10ஐப் பார்க்கும் முறை: கைப்பேசி விளக்கை முன்கண்ணாடிமேல் சாய்வாக அடித்து, எதிர்ப்பக்கத்திலிருந்து பாருங்கள். சிலந்தி நூல் போல் கிளை விட்டிருந்தால் பூஞ்சை, விட்டுவிடுங்கள். அடுத்து, லென்ஸின் துளையை (அப்பெர்ச்சர்) மிகச் சிறிதாக்கி வெள்ளைச் சுவரைக் குவியம் தவறவிட்டு எடுத்து, படத்தைப் பெரிதாக்கி நான்கு மூலையிலும் கரும்புள்ளி தேடுங்கள். 24லிருந்து 600 வரை பத்துத் தடவை ஓட்டி, நடுவில் தயங்குகிறதா, சத்தம் மாறுகிறதா என்று காது கொடுங்கள். பிறகு 600ல் வைத்து, தூரத்துப் பெயர்ப்பலகை ஒன்றைச் சட்டத்தின் இடப்புறம், நடு, வலப்புறம் என மாற்றி மாற்றி எடுங்கள். ஒரு பக்கம் மட்டும் மங்கினால் உள்ளே கண்ணாடி நகர்ந்திருக்கிறது, அதாவது கீழே விழுந்த செட். கேபிள் செருகும் துளை ஆடுகிறதா பாருங்கள். இந்த மாடலில் பழைய மைக்ரோ யூஎஸ்பி, எளிதில் தளரும்.

புதிது வாங்கினால் ஏபி செட்டா (விநியோகஸ்தர் வழியாக வராத இறக்குமதி), மலேசிய விநியோகஸ்தர் உத்தரவாதம் உள்ளதா என்று பணம் கொடுப்பதற்கு முன் கேளுங்கள். உத்தரவாத அட்டையில் உள்ள தொடர் எண்ணும் கேமராவின் அடியில் உள்ள எண்ணும் ஒன்றா என்று ஒப்பிடுங்கள். ஏபி செட் விலை குறைவு, ஆனால் பழுதானால் அந்தக் கடை மட்டும்தான் கதி.

#11 பாயான்_லெப்பாஸ்

டிரை பாக்ஸில் (கேமராவை ஈரம் அண்டாமல் வைக்கும் பெட்டி) ஈரப்பதத்தை எத்தனை சதவீதத்தில் வைப்பது? 30 என்று ஒருவர், 60 என்று ஒருவர் சொல்கிறார்கள்.

#12 கிள்ளான்_திருகுளி

40 முதல் 50. அறுபதைத் தாண்டி நீண்ட நாள் இருந்தால் பூஞ்சைக்கு வழி. முப்பதுக்குக் கீழே வைத்தே விட்டால் ரப்பர் வெளிறி இறுகும், மசகும் கெட்டியாகும். மின்சாரப் பெட்டி வாங்க முடியாவிட்டால் இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் டப்பா, உள்ளே ஈரமானி, நிறம் மாறும் சிலிக்கா ஜெல். நிறம் மாறினால் ஓவனில் 120 பாகையில் இரண்டு மூன்று மணி நேரம் உலர்த்தித் திரும்பப் போடலாம். அரிசிக்குள் புதைக்காதீர்கள், மாவு உள்ளே போகும். கேமரா வாங்கும்போது கொடுத்த ஸ்பாஞ்சுப் பையிலேயே அலமாரியில் வைப்பதும் தவறு. ஸ்பாஞ்சு ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

ஏர்கோன் அறையிலிருந்தோ காரிலிருந்தோ வெளியே எடுப்பதும் இதே கதை. நம்மூர்க் காற்று 24 பாகை பக்கத்திலேயே பனிக்கத் தொடங்கும். 20 பாகைக்குக் குளிர்ந்த கண்ணாடியில் உடனே ஆவி படியும். ஏர்கோனுக்குள் இருக்கும்போதே ஜிப் பையில் போட்டு மூடி, வெளியே அரை மணி நேரம் கழித்துத் திறங்கள். படிந்துவிட்டால் லென்ஸைக் கழற்றாதீர்கள், ஈரம் சென்சாருக்குப் போகும்.

#13 பட்டர்வொர்த்_கரை

எல்லாருக்கும் நன்றி. ஆர்10, 18-150, அதோடு 50 மி.மீ. எஃப்/1.8 என்று முடிவு செய்துவிட்டேன். பிள்ளைதான் காரணம். பிள்ளையை எடுப்பது தினமும், பறவை வருடத்தில் சில வாரங்கள். 100-400 பிறகு கைமாறியதாகத் தேடுவேன். பகலில் 18-150 மட்டும், இருட்டியதும் ஐந்தடி வழி (கடை முன் நடைபாதை) ஓரமாக ஒதுங்கி நின்று ஒரே தடவை 50க்கு மாற்றலாமா? இரதத்துக்கு என்ன அளவு வைப்பது?

#14 தண்ணீர்மலை_அடிவாரம்

மாத்தலாம் தம்பி, ஒரு தடவைதானே. கேமராவை ஆஃப் பண்ணுங்க. 50க்குப் பின்மூடியைத் தளர்த்தி மேல்பையில தயாரா வைங்க. உடம்போட வாய் கீழ பார்த்த மாதிரி பிடிச்சி, காத்துக்கு முதுகைக் காட்டி நின்னு மாத்துங்க. உள்ளங்கை விபூதியை முதல்ல துடைச்சிக்கங்க. பழகினா நாலு விநாடிதான், வீட்டுல பத்து தடவை பழகுங்க.

இரதம் விளக்குல ஜொலிக்கும், சுத்தி இருட்டு. கேமராவைத் தானா அளக்க விட்டா இருட்டைப் பார்த்து ஏமாந்து இரதத்தை வெள்ளையாக்கிரும். கையால வைங்க: எஃப்/1.8, 1/100, ஐஎஸ்ஓ 500ல ஆரம்பிச்சி ஒரு படம் எடுத்துப் பாருங்க. வெள்ளித் தகடு வெந்திருந்தா ஐஎஸ்ஓ 250க்கு இறக்குங்க, முகங்கள் இருட்டா இருந்தா 1000க்கு ஏத்துங்க. 18-150ல அதே வெளிச்சத்துக்கு எஃப்/5.6 வச்சா ஐஎஸ்ஓ ஐயாயிரம் பக்கம் கேட்கும். வெள்ளைச் சமநிலையைத் தானியங்கியில விடாதீங்க, விளக்கு நிறம் மாற மாற அதுவும் மாறிக்கிட்டே இருக்கும். 4000 கெல்வின்ல நிறுத்தி ரா எடுங்க.

50 அங்க 80 மாதிரி நடக்கும், அதனால இரதத்துக்குக் கிட்ட போனா முழுசா வராது. இருபது முப்பது மீட்டர் முன்னாடி, ரோடு லேசா வளையுற இடத்துல நில்லுங்க. மாடு ரெண்டும் முன்னால, இரதம் சாய்வா பின்னால, நடுவுல கும்பிடுற கைங்க எல்லாம் சேர்ந்து வரும்.